பிலா (பலா) வேர் செப்டிக் பைப்புக்குள்ள ஏறிருச்சு, மரத்த வெட்டணுமா?

தக்கலை_விளைவீடு | ஜூன் 11, காலை 6:50

எல்லாருக்கும் வணக்கம். வீடு தக்கலை பக்கம், மேட்டு விளை. மண்ணு செம்மண்ணு, நாலடிக்குக் கீழ கல்லு மாதிரி இறுகிக் கெடக்கும். அப்பா 1986-ல கட்டின வீடு. பின்பக்கக் கக்கூஸ்ல இருந்து செப்டிக் டேங்க் வரைக்கும் அம்பது அடி ஓட்டம், அந்தக் காலத்து மண் பைப். 2009-ல குளியலறை ஒண்ணு புதுசா எடுத்தப்போ அதுக்கு மட்டும் பி.வி.சி. போட்டு, நடுவுல ஒரு சேம்பர் (பைப்பு சேருகிய சின்னத் தொட்டி) கட்டிப் பழைய பைப்போட சேத்தோம்.

மூணு வருசமா ஒரே பாடு. வெயில் காலம் முழுக்க ஒண்ணும் தெரியாது. வைகாசி மழை தொடங்கினதும் தண்ணி ஊத்தினா உள்ள இறங்காம மேல ஏறி நிக்கும், பக்கத்துக் குளியலறைத் தரையில களக் களக்னு சத்தம் வரும். போன வாரம் அடைப்பு எடுக்கிய ஸ்பிரிங் மெஷின் விட்டு எடுத்ததுல முனையில சுத்திக்கிட்டு வந்தது மூணடி நீளத்துல பழுப்பு நிறக் கட்டு. அம்மா அத தும்புக் கயிறுன்னே நெனச்சாங்க. பாத்தா அத்தனையும் வேரு.

பைப்புல இருந்து பத்தடி தள்ளி சக்கைப் பிலா நிக்கிது. அப்பா வச்சது. வந்த ரெண்டு வேலைக்காரங்களும் மரத்த மூட்டோட எடுத்தாத்தான் தீரும்ணு சொல்லுகாவ. போன வருசம் வந்த ஒருத்தர் ஆசிட் ஊத்திட்டுப் போனாரு, ரெண்டு மாசம் ஓடிச்சு, பொறவு பழைய கதைதான். அம்மா மரத்த வெட்டச் சம்மதிக்கல, எனக்கும் மனசு இல்ல. வேற வழி உண்டா?

குழித்துறை_பூவரசு | ஜூன் 11, காலை 7:35

வெட்டின ஆளு சொல்லுகேன், கேளுங்க. எனக்க வீட்டுல மாவு (மாமரம்) ஒண்ணு நின்னுது. இதே காரணத்துக்கு வெட்டினேன். ரெண்டு வருசம் நல்லா ஓடிச்சு. மூணாவது வருசம் மறுபடி அடச்சுது. உள்ள இருந்தது பக்கத்து வீட்டு வேலியில நின்ன பூவரசு வேரு. மாவும் போச்சு, அடைப்பும் போகல.

பேச்சிப்பாறை_தோட்டம் | ஜூன் 11, காலை 8:10

இதுக்கு எதுக்கு இவ்வளவு வெப்ராளம். ரப்பருக்கும் கமுகுக்கும் போர்டோ கலவை அடிக்கியதுக்கு நம்ம பக்கம் துரிசு (காப்பர் சல்பேட், தாமிர உப்பு) எல்லா வீட்டுலயும் கெடக்கும். ஒரு கிலோவை ராத்திரி எல்லாரும் படுத்த பொறவு கக்கூஸ்ல போட்டுத் தண்ணி ஊத்தி விடுங்க. உள்ள இருக்கிய வேரு கருகிரும், மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. வருசத்துக்கு ரெண்டு மட்டம் போட்டாப் போதும்.

பைப்வேலை_32வருசம் | ஜூன் 11, இரவு 9:20

தம்பி, ஒங்க கேள்விக்கு முந்தி நான் ஒண்ணு கேக்கியேன். கெணறு எங்க இருக்கு?

காரணம் சொல்லுகேன். நல்லா இருக்கிய பைப்ப எந்த மரத்து வேரும் குத்தி ஓட்ட போடாது. முப்பத்திரெண்டு வருசத்துல நான் அப்படி ஒண்ணு பாக்கல. பைப்பு முதல்ல ஒழுகும். மூட்டுல இருந்து ஈரம் கசிஞ்சு சுத்தி இருக்கிய மண்ணு எப்பவும் நனஞ்சே கெடக்கும். அங்க வருகிய வேரு நூலு கனத்துல விரிசலுக்குள்ள நுழையும். உள்ள தண்ணி, காத்து, சத்து எல்லாம் இருக்கு. பொறவு அங்கேயே கிளைச்சு வலை மாதிரி கெட்டிப் போகும். முடி, சோப்பு, எண்ணெய்ப் பசை எல்லாம் அதுல போய் ஒட்டும். நீங்க கண்டது அந்தக் கட்டு.

மண் பைப் ஒண்ணு ரெண்டடி நீளம். அம்பது அடிக்கு இருபத்தஞ்சு பைப். அத்தனை மூட்டுலயும் சணல் திரிச்சு வச்சு சிமெண்ட் பூசியிருப்பாவ. இத்தன வருசத்துல சணல் மக்கியிருக்கும், சிமெண்ட் வெடிச்சிருக்கும். வேரு உள்ள போன வழியாத்தான் அழுக்கு வெளிய வருகு. அதனாலதான் கெணத்தக் கேட்டேன். நீங்க மரத்தப் பாத்துக்கிட்டு இருக்கியோ, நான் கெணத்தப் பாக்கச் சொல்லுகேன்.

துரிசு சொன்ன அண்ணாச்சி தப்பா நெனக்காதீங்க. அது பட்ட இடத்து வேர மட்டும் கருக்கும், உண்மைதான். ஆனா அது விரிசல அடைக்காது. செத்த வேரு அங்கேயே மக்கி வழிய இன்னும் பெருசாக்கும், அடுத்த வேரு அதே ஓட்டையில வரும்.

தக்கலை_விளைவீடு | ஜூன் 11, இரவு 9:55

அண்ணே, இப்பத்தான் டேப் வச்சு அளந்துட்டு வாறேன். செப்டிக் டேங்க்ல இருந்து கெணறு 48 அடி. அந்தப் பழைய பைப் ஓட்டத்துல இருந்து 22 அடிதான். குடிக்கியதும் சமைக்கியதும் அந்தத் தண்ணி. கை நடுங்குது.

ஆசாரிப்பள்ளம்_லேப் | ஜூன் 12, காலை 6:15

பதறாதீங்க, ஆனா இன்னைக்கே செய்ய வேண்டியது சில உண்டு. தண்ணியக் கொதிக்க வச்சு மட்டும் குடிங்க. கொதி வந்ததும் இறக்காம ஒரு நிமிசமாவது நல்லாத் தளதளன்னு கொதிக்கட்டும். வீட்டுல சின்னப் பிள்ளைங்க, வயசானவங்க இருந்தா இதுல விட்டுக்கொடுக்கவே கூடாது.

ரெண்டாவது, தண்ணியச் சோதிக்கணும். குடிநீர் வடிகால் வாரியத்தோட ஆய்வகத்துல கொடுக்கலாம். அதுக்கு முன்னாடி வீட்டிலேயே பாக்க ஹைட்ரஜன் சல்பைடு பாட்டில் சோதனை இருக்கு. சின்னப் பாட்டில், உள்ள மருந்து தடவின தாள் இருக்கும். கோடு வரைக்கும் கிணத்துத் தண்ணி ஊத்தி மூடி, வெப்பமான இடத்துல வைக்கணும். 24-லிருந்து 48 மணி நேரத்துல கருப்பா மாறினா மலக் கழிவுல இருக்கிற கிருமிகள் தண்ணியில இருக்குன்னு எடுத்துக்கலாம்.

உறிஞ்சு குழிக்கும் (டேங்க் தண்ணி மண்ணுல இறங்குற குழி) குடிநீர்க் கிணத்துக்கும் நடுவுல 18 மீட்டராவது, அதாவது 60 அடிக்குப் பக்கத்துல, இடைவெளி வேணும்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. அஞ்சு சென்ட் வீட்டுல அது எத்தனை பேருக்கு வாய்க்கும்? எல்லை தாண்டி கேரளத்துல கட்டட விதி 7.5 மீட்டர். ஆனா டேங்குக்கும் குழிக்கும் போற பைப்பே நடுவழியில ஒழுகினா எந்த அளவும் காப்பாத்தாது. டேங்க்ல தங்கித் தெளிஞ்ச தண்ணி கூட இல்ல அது, அப்படியே வர்ற பச்சைக் கழிவு.

பேச்சிப்பாறை_தோட்டம் | ஜூன் 12, காலை 7:00

கெணறு இவ்வளவு பக்கத்துல இருக்குன்னு எனக்குத் தெரியாது. துரிசு போட வேண்டாம் தம்பி, நான் சொன்னத விட்டுருங்க. டேங்க்ல அழுக்கக் கரைக்கிய பாக்டீரியாவையும் அது கொல்லும்ணு மகன் சொல்லுகான். எனக்க வீட்டுல டேங்க் தாழ்வுல இருக்கு, கெணறு மேட்டுல எட்ட இருக்கு, அத வச்சுச் சொல்லிட்டேன். நானும் இனி போடல.

மெல்பர்ன்ல_குமரி | ஜூன் 12, காலை 7:40

எனக்குச் சொந்த ஊர் கருங்கல், இப்ப இருக்கிறது ஆஸ்திரேலியா. இங்க பழைய வீடுகள்ல சுட்ட களிமண் பைப்தான், வேர் பிரச்சினை ரொம்ப சாதாரணம். முதல்ல கேமராவை உள்ள விட்டு எந்த அடியில விரிசல்னு பாப்பாங்க. அப்புறம் அதிக அழுத்தத் தண்ணியால வேரை அறுத்துட்டு, பைப்புக்குள்ளயே பிசின் ஊறின உறையை விட்டு இறுக வைப்பாங்க. தோண்டவே வேண்டாம். ஆனா செலவு கூடுதல். நம்ம ஊர்ல அம்பது அடி மண்ணுன்னா தோண்டி மாத்துறதுதான் சரின்னு எனக்குத் தோணுது. துரிசு பத்தி இன்னொரு சேதி: அமெரிக்காவுல சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி மாவட்டங்கள்ல சாக்கடையில வேர் கொல்லத் துரிசு போடவே தடை. தாமிரம் மீனுக்கும் நீர் உயிர்களுக்கும் விஷம், அதான் காரணம்.

பைப்வேலை_32வருசம் | ஜூன் 12, இரவு 8:45

கேமரா கிடைச்சா நல்லது. கிடைக்கலன்னா ஒரு வழி உண்டு. ஸ்பிரிங் விடும்போது அது முட்டி நிக்கிய இடத்துல, சேம்பர் வாய்க்கு நேரா கேபிள்ல இன்சுலேஷன் டேப் சுத்தச் சொல்லுங்க. வெளிய எடுத்து டேப்ல இருந்து முனை வரைக்கும் அளந்தா அடைப்பு எத்தனாவது அடின்னு தெரியும். தரைக்கு மேல அதே அடிய அளந்து ஒரு குச்சி அடிங்க.

பைப்பு ஒழுகுதான்னு பாக்க: கீழ் முனைய மண்ணு நிறச்ச சாக்கால இறுக்கி அடச்சிட்டு, மேல் சேம்பர்ல தண்ணி நிறச்சு, சுவத்துல கரிக்கட்டியால ஒரு கோடு போடுங்க. அரை மணிக்கூர்ல தண்ணி கோட்ட விட்டு இறங்கினா பைப்பு ஒழுகுது.

கருங்கல்_தாவரவியல் | ஜூன் 13, மாலை 5:30

நான் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவள். ஒரு சந்தேகம். நீங்கள் எழுதியதைப் படித்தால் உள்ளே வந்தது பலா வேர்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அடுத்த முறை எடுக்கும்போது பச்சையாக இருக்கும் வேர் ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். பலா என்றால் பால் வடியும், ஆலும் அத்தியும் கூட அப்படித்தான். கட்டை மஞ்சளாக இருக்கும். பலா வேர் அடிப்பக்கம் தடித்து நுனிப்பக்கம் மெலியும். தென்னை அப்படியல்ல. அதற்கு ஆணிவேர் கிடையாது, அடிமரத்திலிருந்து ஆயிரக்கணக்கில் ஒரே கனத்தில், ஏறத்தாழ பென்சில் கனத்தில், வேர்கள் இறங்கும். அவை வயதாக ஆகத் தடிப்பதும் இல்லை. அதனால் தென்னை வேர் பைப்பைப் பிளக்காது. ஆனால் நுழைந்துவிட்டால் தும்பு அடைத்த மாதிரி நிரப்பிவிடும். பலா நுழைந்தால் தடித்துத் தடித்து விரிசலையே அகலமாக்கும். இரண்டும் வேறு வேறு சேதம்.

வேர் மோப்பம் பிடித்துத் தூரத்திலிருந்து தேடி வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எல்லாப் பக்கமும் வேர் போகும். ஈரம் கண்ட பக்கம் அதிகமாகக் கிளைக்கும். ஒழுகல் இல்லாவிட்டால் பைப்பை ஒட்டியபடியே கடந்து போய்விடும்.

வீட்டுக்கு அருகில் தென்னை உண்டா?

தக்கலை_விளைவீடு | ஜூன் 15, இரவு 10:10

டீச்சர், உண்டு. சேம்பருக்கு இந்தப் பக்கம் ஆறடியில ரெண்டு மூடு தென்னை. அத யாரும் கணக்குலயே எடுக்கல.

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை ஆள் வச்சுத் தோண்டினோம். கண்டத அப்படியே எழுதுகேன்.

முதல் இடம் சேம்பர். 2009-ல நாங்க போட்ட பி.வி.சி. சேம்பர் சுவத்துக்குள்ள நுழையிய இடம். அண்ணன் சொன்னத வச்சுப் பழைய மண் பைப்பத்தான் சந்தேகப்பட்டேன், ஆனா முதல்ல கண்ணுல பட்டது எங்க புது பைப்பு. பைப்பச் சுத்திப் பூசின சிமெண்டுக்கும் பைப்புக்கும் நடுவுல ஒரு இடைவெளி, நகம் கூட நுழையாது. வெளிய நின்னு பாத்தா தையல் நூலு மாதிரி வெள்ளையா நாலஞ்சு வேரு அந்த வளையத்துக்குள்ள போகுது. சேம்பருக்குள்ள பாத்தா அதே வேரு செம்பழுப்பு நிறத்துல தலைமுடி மாதிரி தொங்கிக்கிட்டு நிக்கிது, கைப்பிடியில அடங்கல. கீறிப் பாத்தேன், பால் இல்ல. எல்லாம் ஒரே கனம். டீச்சர் சொன்னது போலத் தென்னைதான்.

ரெண்டாவது இடம் அங்கிருந்து பதினாறு அடி. இங்கதான் பிலா. ஆனா வேரு உள்ள போகல. என் பெருவிரல விடத் தடிச்ச வேரு ஒண்ணு பைப்புக்கு அடியில குறுக்க போகுது. வளந்து வளந்து பைப்ப ஒரு இஞ்சுக்கு மேல தூக்கி விட்டிருக்கு. அந்த மூட்டுல சிமெண்ட் ரெண்டா வெடிச்சு, உள்ள சணல் கருப்பா மக்கிக் கெடந்துது. கம்பிப்பாரை நுனிய வச்சதும் உதிர்ந்து விழுந்திருச்சு. அதச் சுத்தின மண்ணு மட்டும் கருப்பு, சேறு, நாத்தம். ஒரு முழம் தள்ளி நல்ல காய்ஞ்ச செம்மண்ணு. எத்தனை வருசமா அங்கன ஒழுகியிருக்குன்னு தெரியல.

இன்னொண்ணு கேக்கணும். வேலைக்கு வந்தவரு டேங்க்குக்குள்ள இறங்கி வாய்ப்பக்கமும் வேரு உண்டான்னு பாக்கட்டுமான்னு கேட்டாரு. நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன்.

ஆசாரிப்பள்ளம்_லேப் | ஜூன் 15, இரவு 10:25

இறங்க விடாதீங்க. இப்பவே போன் பண்ணிச் சொல்லிருங்க. டேங்க்ல இருக்கிற ஹைட்ரஜன் சல்பைடு விஷவாயு ரெண்டு மூச்சுல ஆளைச் சாய்க்கும். கூடுதலா இருந்தா மூக்கு மரத்துப் போய் நாத்தமே தெரியாது. காப்பாத்த இறங்குற ரெண்டாவது ஆளும் சேந்து போவாரு. 2013-ஆம் வருசச் சட்டப்படி தகுந்த பாதுகாப்பு இல்லாம செப்டிக் டேங்க் சுத்தம் பண்ண மனுசனை இறக்குறது குற்றம், கூப்பிட்ட வீட்டுக்காரர் மேலயும் வழக்கு வரும். வண்டி வச்சு உறிஞ்சி எடுக்கட்டும், 14420 உதவி எண்ணுக்குக் கூப்பிட்டாலே ஏற்பாடு பண்ணுவாங்க.

தக்கலை_விளைவீடு | ஜூன் 15, இரவு 10:40

சொல்லிட்டேன். நாளைக்கு யாரும் இறங்கல.

பைப்வேலை_32வருசம் | ஜூன் 16, காலை 5:50

நல்லது. வண்டிய வரச் சொல்லுங்க, டேங்க் ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா எடுக்க வேண்டியதுதான்.

அந்த சேம்பர் மூட்டு ஒங்க வீட்டுல மட்டும் இல்ல, புது வீடு எல்லாத்துலயும் உண்டு. சிமெண்ட் வழுவழுப்பான பி.வி.சி.யில பிடிக்காது. காய்ஞ்சதும் சுருங்கும், மயிரிழை விட்டிரும். கொத்தனாரு பூசிட்டுப் போயிருவாரு, மேல பாத்தா பளபளன்னு இருக்கும். செய்ய வேண்டியது இதுதான்: சுவத்துக்குள்ள போகிய அளவுக்கு பைப்புல உப்புத்தாள் போட்டு நல்லாத் தேச்சு, சால்வென்ட் பசை தாராளமாத் தடவி, ஈரமா இருக்கும்போதே காய்ஞ்ச ஆத்து மணல்ல உருட்டி எடுக்கணும். ஒரு நாள் காயட்டும். மணல் ஒட்டின பைப்ப சிமெண்ட் விடாது. அஞ்சு நிமிச வேலை, பத்துல ஒருத்தரு செய்ய மாட்டாவ. கூட நிண்ணு செய்ய வையுங்க.

மண் பைப்ப மொத்தமும் எடுத்திருங்க. அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு ஒட்டுப் போட்டா அடுத்த மூட்டு காத்திருக்கும். 110 மில்லிமீட்டர், பூமிக்கடியில போடுகதுக்குன்னே உள்ள பைப் வாங்குங்க, மேல ஐ.எஸ். 15328-ன்னு அச்சிருக்கும். இருபதடி நீளத்துல எடுத்தா அம்பதடிக்கு மூணு துண்டு, நடுவுல ரெண்டே மூட்டு. சரிவு பத்தடிக்கு மூணு இஞ்ச். மட்டக் குழாய் பிடிச்சுப் பாத்து விடுங்க, அங்கனயும் கண்ணளவு கூடாது.

அடியில கல்லு குத்தாம நாலு இஞ்ச் மணல் போடணும். ஆனா மணல் மட்டும் நிறச்சு மூடினா வேருக்கு அது ராஜபாட்டை. தோண்டின செம்மண்ண நனச்சு நனச்சு அரையடி அரையடியா இடிச்சு மூடுங்க. தென்னைப் பக்கமும் பிலாப் பக்கமும் வருகிய இடத்துல மட்டும் பைப்பச் சுத்தி நாலு இஞ்ச் கான்கிரீட் போட்டிருங்க.

குலசேகரம்_அயனி | ஜூன் 16, காலை 8:30

அந்தப் பிலா வேர வெட்டியதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும். எங்க அடுத்த விளையில அயனி மரம், ரெண்டு ஆளு கட்டிப் பிடிக்கிய தடி. பைப்புக்குக் குழி எடுத்தப்போ மரத்து அடிமூட்டுல இருந்து நாலடியில ஒரு பக்கத்து வேரு பூரா வெட்டி எறிஞ்சாவ. மேல பாத்தா மரத்துக்கு ஒரு வாட்டமும் இல்ல, எலை பச்சையா நின்னுது. 2017 நவம்பர் 30, ஓகி புயல் காத்து அந்த வெட்டின பக்கத்துல இருந்து அடிச்சுது. பிடிச்சு நிறுத்த அந்தப் பக்கம் வேரு இல்ல. அப்படியே எதிர்ப்பக்கம் சாஞ்சு மாட்டுத்தொழுவம் மேல விழுந்துது. அன்னைக்கு மாவட்டம் முழுக்க மரம் விழுந்துதான், நல்ல மரமும் விழுந்துது. ஆனா அந்த மூட்டப் போய்ப் பாத்தேன். வெட்டின முனை எல்லாம் மக்கிக் கெடந்துது.

கருங்கல்_தாவரவியல் | ஜூன் 16, மாலை 6:05

இவர் சொல்வது மிகச் சரி. காற்று அடிக்கும் பக்கத்து வேர்கள்தாம் இழுத்துப் பிடிக்கின்றன. பொதுவாக, அடிமரம் எவ்வளவு அகலமோ அதைப்போல் ஐந்து மடங்கு தூரத்துக்குள் தடித்த வேரை வெட்டாமல் இருப்பது நல்லது. உங்கள் பலா இரண்டடி அகலம் இருந்தால் பத்தடி. நீங்கள் சொன்ன வேர் சரியாக அந்த எல்லையில் இருக்கிறது. முடிந்தால் வெட்டாமல் பைப்பை வேருக்குக் கீழே கொண்டுபோங்கள், நடுவில் ஒரு சாண் மண் இருக்கட்டும்.

தென்னைக்கு வெட்டலாம், அது புது வேர் விடும். ஆனால் இன்னொன்று யோசியுங்கள். முன்பெல்லாம் அடுக்களைத் தண்ணீரும் குளித்த தண்ணீரும் தென்னைக்கும் வாழைக்கும்தான் போகும். எல்லாவற்றையும் பைப்பில் அடைத்த பிறகு மரத்தடி காய்ந்து கிடக்கிறது, ஈரம் இருக்கும் ஒரே இடம் பைப் மூட்டு. பாத்திரம் கழுவும் தண்ணீரைத் திறந்த ஓடையாக, கிணற்றுக்கு எதிர்த் திசையில் தென்னையின் அடிக்கு விடுங்கள்.

நாகர்கோவில்_வடசேரி | ஜூன் 17, காலை 9:15

எங்க தெருவுல பாதாள சாக்கடை இணைப்பு. செப்டிக் இல்ல, போர் தண்ணி. எங்களுக்கும் இதே கதைதானா?

பைப்வேலை_32வருசம் | ஜூன் 17, இரவு 9:00

வேரு வருகியது ஒண்ணுபோலத்தான். காம்பவுண்டுக்கு உள்ள இருக்கிய பைப்பும் சேம்பரும் ஒங்க பொறுப்பு, அத நான் சொன்ன மாதிரி பாத்துக்கலாம். ரோட்டுல இருக்கிய மேன்ஹோல நீங்க தொடவே கூடாது, மாநகராட்சிக்கு எழுதிக் குடுங்க. சேம்பர் சுவத்துல அரசங்கன்னு முளைச்சிருக்கான்னு பாருங்க. காக்கா எச்சத்துல விழுந்து முளைக்கும். ரெண்டு எலையில இருக்கும்போதே மூட்டோட பிடுங்கிரணும். மேல மட்டும் ஒடிச்சா மறுபடி துளிர்க்கும், சுவத்தப் பிளந்திரும்.

தக்கலை_விளைவீடு | ஜூலை 20, மாலை 4:40

வேலை முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு, மழையும் நல்லாப் பெஞ்சாச்சு. அதுக்குப் பொறவு எழுதணும்னு இருந்தேன்.

கெணத்துத் தண்ணி ஊத்தி வச்ச முதல் சோதனைப் பாட்டில் ஒரே ராத்திரியில மை மாதிரி கருத்துப் போச்சு. அத அம்மாகிட்ட காட்டினப்போ ஒண்ணும் பேசல. மூணு வருசமா பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிறு சரியில்லாம வந்தது இதனாலயா இருக்குமோன்னு எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல தோணிச்சு. அத உறுதியாச் சொல்ல முடியாது, ஆனா அந்தப் பாட்டிலப் பாத்த பொறவு மரத்தப் பத்தின பேச்சே வீட்டுல எழல.

பைப் மொத்தமும் மாத்தியாச்சு. பிலா வேர வெட்டல. அண்ணன் சொன்ன சரிவு வச்சு இறக்கினதும் பைப்பு தானா அதுக்குக் கீழ போயிருச்சு. சேம்பர்ல மணல் உருட்டின பைப் வைக்கும்போது கொத்தனாரு இதெல்லாம் தேவையான்னு கேட்டாரு. பழைய வேரு கட்ட எடுத்துக் காட்டினேன், பொறவு அவரே மறு சேம்பருக்கும் அதுபோலச் செய்தாரு. மூடுகதுக்கு முந்தி கரிக்கோடு போட்டுத் தண்ணி நிறச்சுப் பாத்தோம். ஒரு மணிக்கூர் நின்னோம், கோடு நனஞ்சபடியே இருந்துது.

கெணத்த இறைச்சுச் சுத்தம் பண்ணி பிளீச்சிங் பவுடர் போட்டோம். லேப் அண்ணன் தனியாக் கணக்குச் சொல்லித் தந்தாங்க, மத்தவங்களுக்கும் ஆகும்: ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம். எங்க கெணறு 2 மீட்டர் அகலம், தண்ணி 3 மீட்டர், அப்ப ஏறத்தாழ 9,400 லிட்டர், 24 கிராம் வந்துது. பவுடர வாளியில கரைச்சுத் தெளிய வச்சு, தெளிவ மட்டும் வேற வாளிக்கு மாத்தி, கெணத்துக்குள்ள இறக்கிக் கலக்கணும். ஒரு மணிக்கூர் தொடக்கூடாது. அடியில தங்கிய சுண்ணாம்பக் கெணத்துல விடக்கூடாது.

இது ஒரு மட்டத்துல தீரல. மண்ணுல ஊறினது ஊறிக்கிட்டே வந்துருக்கும் போல, ரெண்டாவது பாட்டிலும் கருத்துச்சு, கொஞ்சம் மெதுவா. மறுபடி பவுடர் போட்டு, பத்து நாள் விட்டு மூணாவது வச்சது முந்தாநாள் காலையில. இப்ப 48 மணி நேரம் தாண்டிருச்சு. நிறம் மாறல. ஆனாலும் ஆய்வகத்துக்கும் ஒரு பாட்டில் கொடுத்திருக்கேன், அந்த முடிவு வருகிய வரைக்கும் கொதிக்க வச்சுத்தான் குடிக்கோம்.

பழைய மண் பைப் பதினெட்டு உடையாம முழுசா இருக்கு. வாழைக்குக் கரை கட்டவோ, ஓடைக்கு ஓரம் வைக்கவோ யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, தக்கலைக்கு வந்து எடுத்துக்கலாம். கழிவுக்கு மட்டும் மறுபடி போட்டுராதீங்க.